நாற்பத்தொன்றைத் தொடாதே!

செல்போன் அலறியது.

காலை எட்டு மணி. பாதி பின்னிய ஜடையோடு ஓடி வந்து எடுத்தாள் வாயாடி. அண்ணன் வைத்த பெயர் அது. சட்டம் படித்துப் பட்டம் வாங்கிய பிறகும் போகவில்லை!

"ஹலோ?"

கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவது போல ஒரு ஆண்குரல்.

"இன்னிக்கு இன்டர்வியூவுக்குப் போகாதே! உன் பயோடேட்டாவுல சாட்சியச் சட்டம் மார்க் பொய். போனா... ஜெயில்தான்!"

கட்.

விஷயம் கேட்ட அண்ணன் வெலவெலத்துப் போனான்.

"தலைபாடா அடிச்சுக்கிட்டேன்! மொத்த சராசரியை மட்டும் போடு, பாடம் பாடமா போட்டு மானத்தை வாங்காதேன்னு... கேட்டியா?"

"பரீட்சை அன்னிக்கு அப்பா ஐ.சி.யூ.வுல. வாங்கினது நாப்பத்தொண்ணு. போட்டதும் நாப்பத்தொண்ணு. ஏன்னும் ஒரு வரி எழுதியிருக்கேன். நாப்பத்தொண்ணைப் போய் எவளாவது பொய்யா போடுவாளாண்ணே?"

"அப்போ... போகப் போறியா?"

"போகாம?"

பத்தரை மணி. அந்தப் பெரிய வக்கீல் ஆபீஸின் ஏ.ஸி. அறை.

மேஜைக்குப் பின்னால் சீனியர் வக்கீல். ஓரத்தில் ஆபீஸ் மேனேஜர்... அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்து வழிந்தது. மூன்றாவது நாற்காலியில்...

யூனிஃபார்மில் ஒரு இன்ஸ்பெக்டர்!

சீனியர் அவளுடைய பயோடேட்டாவையும் மார்க் லிஸ்ட்டையும் வீசினார்.

"உன் பயோடேட்டாவுல சாட்சியச் சட்டம் எழுபத்தொண்ணு. யுனிவர்சிட்டி மார்க் லிஸ்ட்ல நாப்பத்தொண்ணு! கேஸ் பதிவாச்சுன்னா ஜென்மத்துக்கும் நீ கறுப்பு கோட்டு போட முடியாது. என்ன சொல்றே?"

மூன்று வருடப் படிப்பு! பயத்தோடு பயோடேட்டாவை எடுத்தாள் வாயாடி. மேலிருந்து கீழே படித்தாள். படிக்கப் படிக்க பயம் போய்க் கோபம் வந்தது.

"நான் கையெழுத்து போட்டது ரெண்டாவது பக்கம். அது என்னோடதுதான். முதல் பக்கத்தை யாரோ மாத்திட்டாங்க!"

"மாட்டினா எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க!"

"இன்ஸ்பெக்டர் சார், எட்டுப் பாடம். கீழே சராசரி அறுபத்தி நாலரைன்னு இருக்கு. கூட்டிப் பாருங்க!"

"இது என்ன கணக்கு வகுப்பா?" சீறினார் சீனியர்.

இன்ஸ்பெக்டர் அதற்குள் செல்போனைத் தட்ட ஆரம்பித்திருந்தார்.

"அறுபத்தெட்டேகால் வருதே!"

"எழுபத்தொண்ணுக்குப் பதிலா நாப்பத்தொண்ணு போடுங்க."

"அறுபத்தி... நாலரை!"

"முப்பது மார்க்கை ஏத்துறவ சராசரியை ஏத்த மறப்பாளா? அவ்வளவு மக்கா நான்?" மேனேஜர் பக்கம் திரும்பினாள். "பயோடேட்டா கவரை உங்க கையிலதான் கொடுத்தேன். முதல் பக்கத்தை மாத்தி டைப் அடிச்சது நீங்கதானே?"

மேனேஜர் தலையைக் குனிந்தார். "நான்தாம்மா..."

"துரோகி! இன்ஸ்பெக்டர், பிடிங்க இவனை!" துள்ளி எழுந்தார் சீனியர்.

"இருங்க சார், இன்னும் முடிக்கலை." மேனேஜரின் குரல் நடுங்கியது... ஆனால் நிற்கவில்லை. "காலையில போன் பண்ணினதும் நான்தாம்மா. உன்னைக் காப்பாத்தத்தான்! பேரைச் சொன்னா என் சோத்துல மண் விழுமேன்னு பயம். மாத்தி அடிக்கச் சொன்னது இவர். இருக்கறது ஒரே வேலை. லிஸ்ட்ல முதல்ல நீ... ரெண்டாவது இவர் புள்ளை!"

"பொய்! இவனே தப்பு பண்ணிட்டு..."

"முப்பது வருஷமா டைப் அடிக்கறேன். சராசரியை மாத்த மறப்பேனா? வேணும்னேதான் விட்டேன்!"

சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். வாயாடி கொடுத்த அசல் முதல் பக்கம்!

"கிழிச்சுப் போடச் சொன்னார். மனசு வரலை..."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். தொப்பியை மாட்டினார். சீனியரின் தோளில் கை வைத்தார்.

"ஸ்டேஷனுக்குப் போலாமா சார்?"

சீனியரின் முகம் வெளுத்தது.

"எ... எனக்கு ஒரு வக்கீல் வேணும்..."

வாயாடி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று திரும்பினாள்.

"தாராளமா வெச்சுக்குங்க சார்... ஆனா, கணக்கு தெரிஞ்ச வக்கீலாப் பாருங்க!"