பாட்டிலுக்குள் ஒரு ரோஜாத் தண்டு

அடியை அறுத்தெடுத்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று ஜன்னல் மேடைத் தொட்டியில், ரோஜாத் தண்டின் மேல் கவிழ்ந்திருந்தது. ஈரமணலின் ஆவி அதற்குள் பனித்து நிற்பது சகஜம்தான். ஆனால் அந்தப் பனி நிற்கவில்லை. படர்ந்தது, மெல்ல விலகியது, மறுபடி படர்ந்தது. தையற்காரி மிதியிலிருந்து காலை எடுத்தாள். இயந்திரம் ஓய்ந்ததும் பாட்டிலும் பளிச்சென்று தெளிந்துவிட்டது, ஒட்டுக்கேட்கிறவன் மூச்சைப் பிடித்துக்கொள்வதுபோல. அவள் மறுபடி மிதித்தாள். பனி படர்ந்தது.

அதை அங்கே வைத்தவள் நாத்தனார். தன் தம்பி, தையற்காரியின் புருஷன், செத்துக் கிடந்தபோது நெஞ்சின் மேல் யாரோ வைத்த ரோஜாக்களில் நீளமானதாக ஒன்றை உருவி, பூவைக் கிள்ளி எறிந்துவிட்டு, கணுவுக்குக் கீழே சரிவாக வெட்டி மணலில் ஊன்றினாள். வெளியே அத்தனை இடமிருக்க, தம்பி பெண்டாட்டி தூங்குகிற அறையில்தான் தொட்டி இருக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வீடு அவளுடையது. மறுத்துப் பேச வழியில்லை.

"அவன் மேல கிடந்த பூ இது. வேர் விட்டா அவன் இன்னும் போகலைன்னு அர்த்தம்," என்றாள். பிறகு, குரலை உயர்த்தாமலே, "நீ ஒரு சொட்டு அழலை. நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

அழவில்லை என்பது உண்மை. அவன் இருந்தவரை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே அவள் தைப்பதை நிறுத்திவிடுவாள். கட்டிலின் ஓரத்தில், சுவரோடு சுவராகச் சுருண்டுதான் படுப்பாள். அவன் போன பிறகுதான் கையைக் காலை நீட்டித் தூங்குவது எப்படியிருக்கும் என்றே தெரிந்தது. அந்தத் தூக்கம்தான் நாத்தனாரின் கண்ணை உறுத்தியது.

தண்டில் சிவப்பாக ஒரு துளிர் எட்டிப் பார்த்தபோது அறையின் வாசனை மாறத் தொடங்கியது. ஈரமண்ணுக்கு அடியில் தலையெண்ணெய், புளித்த வேர்வை, பழைய புகையிலை. போர்வையைத் துவைத்தாள், தலையணை உறையை மாற்றினாள், தைக்க வந்த துணிகளைக்கூட ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள்; கட்டிலில் உட்கார்ந்தால் மட்டும் அது மூக்கில் ஏறியது. காலையில் எழுந்தால் தோளில் மெல்லிய கீறல்கள். ஊசி பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மழை பெய்த சாயங்காலங்களில் சுவருக்குள் ஏதோ உரசியது, முரட்டுத் துணியில் நூல் இழுபடுவதுபோல, நிறுத்தி நிறுத்தி. நாத்தனாரிடம் சொன்னதற்கு எலியாக இருக்கும் என்றாள். தம்பி செத்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

ஒரு மத்தியானம் தையற்காரி கொதிக்கக் கொதிக்க ஒரு பாத்திரம் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள். இலை வாடவில்லை. மறுநாள் இன்னொரு துளிர் விட்டிருந்தது.

அதற்குமேல் அவளால் முடியவில்லை. நாத்தனார் மருந்துக்கடைக்குக் குடையோடு கிளம்பிய சாயங்காலம், பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டுத் தண்டைப் பிடித்தாள். நட்டுச் சில வாரமே ஆன குச்சி; சுண்டினால் கையோடு வரவேண்டும். வரவில்லை. முள் உள்ளங்கையில் இறங்கியது. இரண்டு கையாலும் இழுத்தாள்.

அடியிலிருந்து யாரோ திருப்பி இழுத்தார்கள்.

தொட்டியைத் தள்ளி உடைத்தாள். மணல் கொட்டியது. உள்ளே வேர் கொஞ்சம்தான். மீதியெல்லாம் தொட்டியின் அடித்துளை வழியாக, மேடையின் விரிசல் வழியாக, சுவருக்குள் போயிருந்தது. காரையைக் கத்தரியால் சுரண்டினாள். வெள்ளை வேர்கள், தைக்கும் நூலைவிட மெல்லியவை, கற்றை கற்றையாகக் கீழே இறங்கின. கட்டிலின் பின்னால்.

கட்டிலை இழுத்தாள். நகரவில்லை. சுவரோடு தைத்ததுபோல் நின்றது.

வாசலில் செருப்புச் சத்தம்.

கத்தரியை மெத்தையில் குத்தினாள். உறை நீளமாகக் கிழிந்தது. பஞ்சை அள்ளினாள். பஞ்சு இல்லை. வேர். பின்னிப் பின்னி ஒரு தோள். விலா எலும்புகள். மடங்கிய முழங்கால். ஒருக்களித்துப் படுத்திருக்கும் ஆண். ஒரு கை மட்டும் நீண்டிருந்தது, அவள் படுக்கும் பக்கமாக. அதன் விரல்களில் அவளுடைய தலைமுடி, சுற்றிச் சுற்றி.

அவள் பின்னால் நகர்ந்தாள்.

நிலைப்படியில் நாத்தனார் நின்றிருந்தாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் மெத்தையைப் பார்க்கவில்லை. உடைந்த தொட்டியைத்தான் பார்த்தாள்.

"அண்ணி," என்றாள் தையற்காரி.

"கத்தரியைக் கீழ வை." பிள்ளையைத் தூங்கவைக்கிற குரலில் சொன்னாள். "முகம் இன்னும் சரியா வரலை. நீ பக்கத்துல படுத்தாதான் வளருது."

கதவு சாத்தப்பட்டது. வெளித்தாழ்ப்பாள் விழுந்தது.

மெத்தைக்குள், முகமில்லாத அந்தத் தலை அவள் பக்கம் திரும்பியது.