கொடுத்து வைத்தவன்

ஓர் இசைமேதையின் வாழ்க்கையைப் படமாக்க, அவர் வாழ்ந்த பழைய வீட்டுக்கே போயிருந்தோம். மேதையாக நடித்தவன் என் தம்பி. பியானோவில் எந்தக் கட்டை என்ன சத்தம் போடும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. முகம் அவனுடையது, க்ளோசப்பில் வரும் கைகள், இருபது வருடம் வாசித்துத் தேய்ந்த என்னுடையவை. அவன் கொடுத்து வைத்தவன் என்பாள் அம்மா.

படத்தின் முடிவில் என் பெயர் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அன்று காலை இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வராது என்றார். தம்பியே வாசித்ததாக ஊர் நம்பினால்தான் விருது கிடைக்குமாம். அப்படிக் கேட்டதே தம்பிதானாம். எனக்கு வயிறு எரிந்தது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் இசையறையில் போய் உட்கார்ந்தேன். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். ஈர மரமும் பழைய மையும் கலந்த வாசனை. பியானோ மேல் மேதையின் இசைச் சுவடி இருந்தது. அட்டையில் அவர் பெயருக்கு மேலே இருந்த இன்னொரு பெயரைக் கத்தியால் சுரண்டி அழித்திருந்தார்கள். அது அவருடைய அண்ணன் பெயர், பாதி இசை அந்த அண்ணன் எழுதியது என்று வீட்டுக் காவலாளி சொல்லியிருந்தார்.

சுரண்டிய இடத்தைத் தடவினேன். "எனக்கும் இதே கதிதான்" என்றேன்.

பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

இருக்கையின் மறுபாதி மெல்ல அமுங்கியது.

வெளியே ஓடி வந்தவன் யாரிடமும் சொல்லவில்லை. பெயர் பறிபோன ஆத்திரத்தில் கதை கட்டுகிறான் என்பார்கள்.

பிறகு தம்பியின் முகத்தைப் படமெடுக்க அவனை உட்கார வைத்தார்கள். சும்மா கையை வைத்தான். இசை பொங்கியது. ஒரு பிசகு இல்லை. இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. இனி என் கை தேவையில்லை, கிளம்பலாம் என்று சொல்லிவிட்டு, தயாரிப்பாளரைக் கூப்பிட ஓடினார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

தம்பியின் முகம் வியர்வையில் நனைந்திருந்தது. கட்டைகளில் ரத்தம்.

"அண்ணா, நான் வாசிக்கல. நிறுத்தவும் முடியல. என் கையைப் பிடிச்சுக்கோ."

அவனுக்குப் பக்கத்தில் இருக்கை அமுங்கியிருந்தது.

பயம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. தவமாய்க் கிடந்து கற்றவன் நான் இருக்க, பேய்கூட அவனைத்தானே தேடிப் போயிருக்கிறது?

நான் கையைப் பிடிக்கவில்லை.

விருது வந்துவிட்டது. தம்பி இப்போது படுத்த படுக்கை. கட்டுப் போட்ட விரல்கள் போர்வை மேல் ஓயாமல் ஆடுகின்றன. தினமும் போய் அவன் அருகில் உட்காருகிறேன். அவனை ஒட்டி மெத்தையில் ஓர் இடம் அமுங்கியே இருக்கிறது.

அன்றைக்குப் பிறகு என் பக்கம் அது ஒருநாளும் வந்ததில்லை.