நெஞ்சில் ஏழு

காலையிலிருந்து பூவாத்தாளின் நெஞ்சில் ஏழு இருந்தது. பால் குடித்துவிட்டு மார்மேலேயே தூங்கிப்போன குழந்தையின் கனம். கொதிகலன் ஒழுங்காக ஓடுகிறது என்று அர்த்தம்.

பெருந்துறைப் பக்கத்துச் சாயப்பட்டறை அது. துணிக்குச் சாயம் ஏற்றுவதெல்லாம் இயந்திரங்கள் என்றாகிவிட்டது; கொதிகலனுக்கு மட்டும் இன்னும் விறகுதான், விறகு போட மனிதர்கள்தான். ஆனால் அங்கே அழுத்தமானியில் எண்ணைப் பார்க்கிற வழக்கம் ஒழிந்து பதினாறு வருடம் ஆகிறது. முள் சிவப்பில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தவர்களால்தான் அத்தனை கலன்கள் வெடித்தன. எண் தூரத்தில் நிற்கும், வலி அப்படி நிற்காது என்று சொல்லி மெய்மானியைக் கொண்டுவந்தார்கள். மணிக்கட்டில் கட்டுகிற பட்டை. நீராவியின் அழுத்தம் நெஞ்சில் கனமாக இறங்கும். அடுப்பின் சூடு இடக்கையில் எரியும். தண்ணீர் மட்டம் குறைந்தால் வியர்த்துக் கொட்டும். மனிதன் எதற்குப் பயந்து எழுந்து ஓடுவானோ அதையெல்லாம் தேடிப்பிடித்துக் குறியாக வைத்திருந்தார்கள். பழைய அழுத்தமானியின் கண்ணாடிமேல் சாம்பல் பெயின்ட் அடித்தாயிற்று. அதன்பிறகு ஒரு கலனும் வெடிக்கவில்லை என்பதும் நிஜம்.

பதினொரு மணி வாக்கில் ஏழு எட்டானது.

"நாச்சிமுத்து, வெறகக் கொறச்சுப் போடு. ஏறுது."

அடுப்படியில் நின்ற நாச்சிமுத்து தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தான். "எனக்கு ஏழுலயேதான் நிக்குதுங்க்கா."

"உனக்கு எப்பத் தெரிஞ்சிருக்குது? லுங்கியில தீப் புடிச்சாக்கூட, எவனோ பீடி பத்த வெக்கறான்னு நிப்பே."

சிரித்தபடியே விறகைக் குறைத்தான். இரண்டு நெஞ்சு இரண்டு விதமாகச் சொன்னால், அதிகமாகச் சொல்கிற நெஞ்சுதான் கணக்கு. எந்தப் பட்டறையிலும் இதை எழுதி ஒட்டியதில்லை. எல்லாப் பட்டறையிலும் இதுதான் வழக்கம்.

எட்டு இறங்கவில்லை. ஒன்பதானது. சிமென்ட் மூட்டையை ஏற்றி வைத்தது போல. இடக்கை முழங்கைவரை எரிந்தது. அடுப்பும் மிஞ்சுகிறது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. தண்ணீரும் போய்விட்டது. பூவாத்தாள் ஆவிவால்வைத் திறந்தாள். கூரை அதிர வெள்ளையாக ஆவி வெளியேறியது. கனம் ஓர் இம்மியும் குறையவில்லை.

நாச்சிமுத்துவின் முகம் வெளிறியது. "எம்பட பட்டை பழசுங்க்கா. செத்துப்போச்சாட்ட இருக்குது. ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

"நின்னு பேசாதே. எரியறத வெளிய இழு."

அவன் கொக்கியால் தணலை இழுத்துத் தண்ணீர் ஊற்றினான். அவள் அபாயச்சங்கை அழுத்தினாள். ஊளை கிளம்பியது. அதை நிறுத்த விசை கிடையாது. கலனை ஓட்டுகிறவரின் நெஞ்சு ஏழுக்கு இறங்கியது என்று பட்டை சொன்னால்தான் நிற்கும். அதுவரை வாசலுக்கு எதிரே மைதானத்தில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டி யாரும் வரக்கூடாது. பட்டறையில் இருந்த நூற்றுச் சொச்சம் பேரும் கோட்டுக்கு அந்தப்புறம் ஓடினார்கள்.

"வாங்கக்கா, போயிரலாம்."

"கைவால்வு ஒண்ணு பாக்கி. அதத் தொறக்காம உட்டா ஊரே போயிரும். நீ போ. ரெண்டு புள்ளைக்கு அப்பன்."

அவன் ஓடினான்.

கைவால்வு இறுகிக் கிடந்தது. வலக்கையாலும் தோளாலும் முட்டித் திருகினாள். புஸ்ஸென்று கொஞ்சம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. கலனுக்குள் சத்தமே இல்லை. நெஞ்சில் மட்டும் பதினொன்று. லாரி ஏறி நின்றுவிட்ட மாதிரி. தாடைவரை இழுத்தது.

உள்ளே ஆவியே இல்லாமல் பதினொன்று எப்படி வரும்?

எண்ணைப் பார்த்துக் கலன் ஓட்டக் கற்ற கடைசிப் பிரிவில் படித்தவள் அவள். ஸ்பேனரை எடுத்து அழுத்தமானியின் கண்ணாடியைச் சுரண்டினாள். சாம்பல் பெயின்ட் செதிலாக உதிர்ந்தது. மேலே சிவப்புக் கோடு தெரிந்தது. அதில் முள் இல்லை. ஏழில் இல்லை. மூன்றிலும் இல்லை. இன்னும் சுரண்டினாள். சுழியத்து ஆணியில் சாய்ந்து படுத்திருந்தது முள்.

பட்டையை அவிழ்த்துத் தரையில் போட்டாள். லாரி இறங்கவில்லை.

நாச்சிமுத்துவின் பட்டை சாகவில்லை என்று அப்போது புரிந்தது. ஏழுக்கு மேல் ஏறியதெல்லாம் அவளுடையது.

சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கோட்டுக்கு அப்பால் கூட்டம். அதற்குப் பின்னால் ஆம்புலன்ஸ்கூட வந்து நின்றது. "கலன் இல்லடா, நான்தான்" என்று சொன்னாள். ஊளையில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. வலக்கையைத் தூக்கி நெஞ்சில் இரண்டு முறை அடித்துக் காட்டினாள்.

நாச்சிமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. "பதினொண்ணத் தாண்டிருச்சுங்கறாங்க" என்று அலறினான்.

முட்டி மடங்கிப் பூவாத்தாள் வாசற்படியில் உட்கார்ந்தாள். அதைப் பார்த்த கூட்டம் இன்னும் பத்தடி பின்னால் போய்க் காதைப் பொத்திக்கொண்டது.