டெலீட் அமுக்கிய விரல்

போன் அலறியது.

எடுப்பதற்குள் ஓய்ந்து, மறுபடியும் அலறியது.

"குமுதாக்கா! ட்ரையர் சர்வர் செத்துப் போச்சுலா!" ஆபீஸ் கிளார்க் கங்கா பதறினாள். "போலீஸ் வந்திருக்கு... உங்களைத்தான் கேக்கறாங்க!"

குமுதா ஓடினாள்.

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், கம்ப்யூட்டர் என்று எது இருந்தாலும் அவள்தான் பொறுப்பு. நன்றாக ஓடினால் மானேஜர் துரையின் திறமை. நின்று போனால் குமுதாவின் தப்பு!

நேற்றுதான் தேயிலை காய வைக்கும் ட்ரையர் தாறுமாறாகச் சூடேறி, கருப்பையாவின் இரண்டு கைகளும் வெந்து போயின. கருப்பையா அவளுக்குச் சொந்தச் சித்தப்பா. ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். சூட்டை ஏற்றியது யார்? அந்த சர்வருக்குத்தான் தெரியும்.

இன்றைக்கு சாட்சியே காலி!

ஆபீஸில் மானேஜர் அமிர்தலிங்கம் சுழல்நாற்காலியில் இருந்தார். 'துரை' என்று கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். வெள்ளைக்காரன் விட்டுப் போன பங்களாவில் குடியேறிய நாளிலிருந்து, தும்மினால்கூட இங்கிலீஷில்தான் தும்மினார்.

எதிரே இன்ஸ்பெக்டர் சாமிநாதன், கையில் டீ.

"டீ எஸ்டேட்லயே டீ இவ்வளவு மட்டமா?" என்றவர் குமுதாவிடம் திரும்பினார். "ஏம்மா, சர்வர் செத்துட்டதுன்றாங்க. அங்க பொட்டியில லைட் எரியுதே?"

"பொட்டி ஒண்ணுதான் சார். உள்ள ஆறு சர்வர். தோட்டத்து ஆளுங்க லயத்துல ஒரே கூரைக்குக் கீழ ஆறு குடும்பம் இருக்கற மாதிரி. இப்ப ஒரு வீடு மட்டும் இருட்டு."

"எந்த வீட்டுக்குள்ள யார் வேணா போலாமா?"

"முடியாது சார். ஆளுக்கு ஒரு ரோல். அவங்க வேலைக்கு எது வேணுமோ அதுக்கு மட்டும் அனுமதி. துரை, கணக்கு எழுதற கிராணி, ஆள் மேய்க்கற கங்காணி... மூணு ரோல்."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "பேரு யாரு வெச்சது?"

"நான்தான்!" அமிர்தலிங்கம் நெஞ்சை நிமிர்த்தினார். "பழைய மரியாதை போகக் கூடாது பாருங்க. நான் துரை. இவ வெறும் கங்காணி."

"சரி... யாரு அழிச்சது?"

"இவதான்! ட்ரையர் சூட்டைத் தப்பா ஏத்திட்டா. மாட்டிக்குவோம்னு பயம். என் பாஸ்வேர்டைத் திருடி, என் பேர்ல நுழைஞ்சு டெலீட் பண்ணிட்டா. பிடிச்சு உள்ள போடுங்க இன்ஸ்பெக்டர்!"

"டெலீட் போனது துரை பேர்லதானாம்மா?"

"ஆமா சார்..."

குமுதாவுக்கு ஒரே பயம்தான். விலங்கு மாட்டினால் மாட்டட்டும். சித்தப்பா கையை வேக வைத்த பாவி என்ற பேர் வந்துவிடுமே! சித்தி முகத்தில் எப்படி விழிப்பாள்?

அமிர்தலிங்கம் மீசையைத் தடவிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் போய்விட்டது. பற்றிக்கொண்டு வந்தது.

"துரை... ஒண்ணு கேக்கறேன். நான் அழிக்கணும்னா உங்க பேரு எனக்கு எதுக்கு?"

"பின்ன? கங்காணியால அழிக்க முடியுமா?"

"கங்காணியாலதான் முடியும்!"

"என்ன உளர்றே?"

"தோட்டத்துல துரை வராந்தாவுல நின்னு பார்ப்பாரு. வேலையை நடத்தறது கங்காணிதானே? ரோலையும் அப்படியே போட்டேன். துரை பார்க்கலாம், ட்ரையர் சூட்டைக் கூட்டலாம், குறைக்கலாம். அழிக்க முடியாது. படிச்சுப் பாருங்கன்னு அன்னைக்கே சொன்னேன். நீங்க மேல இருந்த பேரை மட்டும் பார்த்து 'ஓகேலா'ன்னீங்க."

அமிர்தலிங்கத்தின் முகம் கருத்தது. காது சிவந்தது.

"ஏய்! எனக்கு மேல நீயா? துரை டெலீட் அமுக்கினா அழியாதா?"

"அழியாது. சர்வர் நின்னு போகும். அவ்வளவுதான். அழிக்கலாமான்னு கங்காணிகிட்ட கேட்டு வரும்."

"பொய்! கண்ணால பார்த்தேன்டி! ரெண்டு தடவை அமுக்கினேன்... ரெண்டு தடவையும் 'சரி'ன்னு வந்துச்சே!"

வாசலில் நின்ற கங்கா வாயைப் பொத்திக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் டீக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"அந்த 'சரி', உங்க விண்ணப்பம் வந்து சேர்ந்துச்சுன்னு அர்த்தம் துரை," என்றாள் குமுதா. கீபோர்டில் அவள் விரல்கள் ஓடின. "இதோ பாருங்க சார். ரெண்டு விண்ணப்பம். துரை, கங்காணிகிட்ட கை கட்டி அனுமதி கேட்டு நிக்கறாரு!"

நிராகரித்தாள். சர்வரைத் தட்டி எழுப்பினாள்.

இருட்டு வீட்டில் விளக்கு எரிந்தது. ட்ரையரின் சூட்டை ஏற்றிய கட்டளை திரையில் வந்தது. அமிர்தலிங்கத்தின் சொந்த போனிலிருந்து!

"ஆர்டர் அவசரம்... சீக்கிரம் காயணும்னு..." அவர் குரல் தேய்ந்தது.

"காய்ஞ்சது எங்க சித்தப்பா கை!" குமுதா கத்தினாள். அடக்கி வைத்திருந்த கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"நான் யாரு தெரியுமா? இந்தத் தோட்டத்துக்கே துரை!"

"எங்க லாக்கப்புல அந்த ரோலே கிடையாது சார். கைதின்னு ஒண்ணுதான் இருக்கு... உள்ள வர்றதுக்கு ஃபுல் பெர்மிஷன்!"