இறங்காத பான்டோகிராஃப்

சனிக்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடம். செவன் ஹில்ஸ் ரயில் கொட்டகையிலிருந்து போலீசுக்கு அழைப்பு போனது. பழைய மின்சார எஞ்சினின் வயிற்றுக்குள் இருந்த செப்புப் பட்டைகளை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவை இருந்த அறையின் கதவோ பூட்டியபடியே இருந்தது.

அழைத்தவர் சேஷாத்ரி, எஞ்சினைப் பராமரிக்கும் தன்னார்வலர் சங்கத்தின் செயலாளர். பத்தரை மணிக்குள் திருடன் யார் என்றும் அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"கொட்டகைச் சாவி இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. ஒன்று என்னிடம், இன்னொன்று சிறிதரனிடம். நேற்று மாலை பூட்டிவிட்டுப் போனது சிறிதரன்," என்றார் வந்திருந்த போலீஸ் சார்ஜன்ட் கோலின்ஸிடம். பிறகு ஹரிப்பிரியாவின் பக்கம் திரும்பி, வாசலில் நின்ற சிறிதரனுக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார்: "அகதியா படகுல வந்தவங்கள நம்பி சாவி கொடுத்தா இப்படித்தாம்மா ஆகும்."

ஹரிப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. ரயில்வேயில் மின்பொறியாளர் அவள், சங்கத்தில் ஞாயிறு மதியங்களில் மட்டும் வேலை செய்பவள்; இன்று திருட்டுச் செய்தி கேட்டு வந்திருந்தாள். மெக்கானிக் உடையில் சேஷாத்ரியை ஒரு நாளும் அவள் பார்த்ததில்லை.

ஐம்பதுகளில் வந்த எஞ்சின் அது. நாற்பது வருடம் நிலக்கரி வண்டிகளைப் புளூ மவுண்டன்ஸ் மலை மேட்டில் இழுத்துவிட்டு, நன்றிகூடக் கிடைக்காமல் துருப்பிடித்துக் கிடந்தது. மூன்று வருடமாக அதைச் சுரண்டி, எண்ணெய் போட்டு, உயிர் கொடுத்தவர் சிறிதரன். அடுத்த மாதம் அது சொந்தச் சக்தியில் ஓட வேண்டும்; செப்புப் பட்டைகள் இல்லாமல் நகராது. ஓடாவிட்டால் எஞ்சினை அப்புறப்படுத்திவிட்டு அந்த இடத்தில் விழா மண்டபம் கட்டலாம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிவந்தார் சேஷாத்ரி. விடமாட்டேன் என்று நின்றவர் சிறிதரன்.

அதே சிறிதரனின் நிரந்தர விசா விண்ணப்பம் பல வருட இழுபறிக்குப் பிறகு இப்போதுதான் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. ஒரு திருட்டு வழக்கு விழுந்தால் போதும், எல்லாம் பாழ். அது சேஷாத்ரிக்கும் தெரியும்.

ஹரிப்பிரியா எஞ்சினுக்குள் ஏறினாள்.

செப்புப் பட்டைகள் இருந்த அறைக்குக் கம்பிவலைக் கதவு. அதன் சாவி ஓட்டுநர் அறையில் ஒரு காற்று வால்வில் மாட்டியிருக்கும். சாவியைத் திருப்பினால் கூரை மேலிருக்கும் பான்டோகிராஃப், அதாவது மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் மடக்குக் கை, காற்றிழந்து படுத்துவிடும். அது படுத்த பிறகுதான் சாவி கையோடு வரும். மின்சாரம் இருக்கும்போது யாரும் உள்ளே போய்ச் செத்துவிடக் கூடாது என்று அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. மறுபடி தூக்கி நிறுத்த வேண்டுமென்றால் சாவியை வால்வில் மாட்டிவிட்டு, பக்கத்திலிருக்கும் கைப்பம்பை அடிக்க வேண்டும்.

சாவி வால்வில் இருந்தது. கூரை மேல் பான்டோகிராஃப் நிமிர்ந்து நின்றது.

"சார், நீங்க வந்தப்ப இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமா. நான் எதையும் தொடல. எப்பவும் போல நின்னுச்சு. வலை வழியா பார்த்தேன், உள்ள காலி."

"எப்பவும் பத்தரைக்கு மேலதானே வருவீங்க?"

"இன்னைக்குச் சீக்கிரம் முழிப்பு வந்துடுச்சு. என்னம்மா, என்னையே விசாரிக்கிறியா?"

அவள் வாசலுக்குப் போனாள். சிறிதரன் முதியோர் இல்லச் சீருடையிலேயே நின்றுகொண்டிருந்தார். போலீஸ் அவரை உள்ளே விடவில்லை.

"சிறி அண்ணா, ராத்திரி எங்க இருந்தீங்க?"

"பத்து மணியிலயிருந்து காலமை ஒன்பதரை மட்டும் குவேக்கர்ஸ் ஹில் இல்லத்தில வேலை. அங்கயிருந்து நேர வந்தனான். ஆனா ஆறு மணிக்கு இஞ்ச பூட்டிப்போட்டுப் போய், பத்து மட்டும் அறையில தனியப் படுத்திருந்தனான். அதுக்கு ஆர் சாட்சி எண்டு கேக்கினம்."

"காலைல கொட்டகை திறந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?"

சிறிதரன் விழித்தார். "பம்ப் அடிப்பன். சனம் வர முன்னம் பான்டோவைத் தூக்கி நிப்பாட்ட வேணுமெல்லே. காத்து கசியுது தங்கச்சி. நாலைஞ்சு மணித்தியாலத்தில தானாப் படுத்திடும். விடியப் பாத்தால் எப்பவும் கீழதான் கிடக்கும்."

ஹரிப்பிரியா சார்ஜன்டிடம் போனாள். "முதியோர் இல்லத்துக்கு ஒரு போன் செய்து அவர் வேலை நேரத்தைக் கேளுங்கள். பிறகு மதியம் வரை பொறுங்கள். யாரும் வெளியே போக வேண்டாம்."

மதியம் ஒன்றேகால். எல்லோரும் எஞ்சின் பக்கத்தில் நின்றார்கள். மேலே மெல்லிய சீறல் கேட்டது. பான்டோகிராஃப் ஒருமுறை நடுங்கி, மெதுவாக மடங்கி, கூரையில் படுத்தது. சேஷாத்ரி அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்.

"யாரும் இதைத் தொடவில்லை," என்றாள் ஹரிப்பிரியா. "நேற்று மாலை ஆறு மணிக்கு நின்றது நள்ளிரவுக்கு முன்பே படுத்திருக்கும். ஆனால் இன்று காலை நிமிர்ந்து நின்றது. அப்படியானால் விடிகிற நேரத்திலோ அதற்குப் பிறகோ யாரோ பம்ப் அடித்திருக்கிறார்."

"அந்த நேரம் முழுக்க சிறிதரன் வேலையில் இருந்தார். இல்லத்தில் உறுதி செய்துவிட்டார்கள்," என்றார் சார்ஜன்ட்.

அவள் சேஷாத்ரியின் பக்கம் திரும்பினாள்.

"மிச்சம் இருக்கிறது உங்க கொட்டகைச் சாவி ஒண்ணுதான் சார். பட்டையைக் கழற்றினீங்க, கதவைப் பூட்டினீங்க, சாவியை வால்வுல மாட்டினீங்க. அதோட விட்டிருந்தா பிடிபட்டிருக்கவே மாட்டீங்க. காலைல இங்க வேலை செய்றவங்க யாரா இருந்தாலும் படுத்ததைப் படுத்தபடி விட்டிருப்பாங்க. நீங்கதான் அது படுத்துக் கிடக்கிறதைப் பார்த்ததே இல்லையே. மூணு வருஷமா அவர் பம்ப் அடிச்சு நிறுத்தி வச்ச பிறகு வந்து, போட்டோவுக்கு நின்னுட்டுப் போனவர் நீங்க. எப்பவும் நிக்கும், சாவியை எடுத்ததாலதான் படுத்துச்சுன்னு நெனச்சு, யாரும் தொடாத மாதிரி காட்ட, நீங்களே தூக்கி விட்டுட்டீங்க."

அவள் அதையே ஆங்கிலத்தில் சொன்னதும், "கார் டிக்கியைத் திறக்க முடியுமா?" என்றார் சார்ஜன்ட்.

சேஷாத்ரியின் கை சட்டைப்பையிலிருந்த கார் சாவியை இறுகப் பற்றியது; சார்ஜன்ட் அதை வாங்கித் திறந்தார். டிக்கியில் பழைய கம்பளத்துக்கு அடியில் செப்புப் பட்டைகள் கிடந்தன.

"சிறி," என்றார் சேஷாத்ரி தழைந்த குரலில். "கேஸெல்லாம் வேண்டாம். நாமெல்லாம் தமிழங்க. நமக்குள்ள பேசித் தீத்துக்கலாம்."

"நமக்குள்ளயோ?" என்றார் சிறிதரன். "காலமை நான் உங்களுக்குப் படகில வந்தவன்."

அவர் சார்ஜன்டிடம் திரும்பி, வாக்குமூலம் தரத் தயார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு எஞ்சினில் ஏறிக் கைப்பம்பை அடிக்கத் தொடங்கினார்.