செயின் இல்லாத சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை பல் தேய்த்து முடித்ததும் ஒன்பதாவது வார்டு மக்கள் மூச்சு தயாரிக்கப் போவார்கள். செவ்வாய் கிரகத்தில் புழுதிப் பருவம் வந்தால் சூரியத் தகடுகள் படுத்துவிடும். குமிழ்நகரின் காற்றாக்கியை அப்போது சைக்கிள் மிதித்துத்தான் ஓட்ட வேண்டும். சைக்கிள்கள் எங்கும் போகாது, தரையோடு திருகியிருக்கும். மிதித்தால் மூச்சு. நிறுத்தினால் முதலில் தூக்கம், பிறகு ஒன்றுமில்லை. இதற்காக யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை.

அந்த ஞாயிறு வேட்பாளர் அமலதாசன் மிதிக்க வந்தார். தேர்தல் நெருங்கியிருந்தது. கழுத்தில் காற்றுமாலை: பிளாஸ்டிக் சாமந்திக்குள் பிராணவாயுக் குழாய், தலைவர்களுக்கு மட்டும்.

அவருடைய சைக்கிளுக்குக் கொடி கட்டிய தொண்டன் இடும்பன், செயினைக் கழற்றி வைத்திருந்தான். அண்ணனுக்கு முட்டிவலி. கேட்டுவிட்டுச் செய்தால் அது விசுவாசமில்லை.

"என்னடா, இவ்ளோ ஈஸியா இருக்கு?"

"உங்க உடம்பு அப்படிண்ணே."

அமலதாசன் நம்பினார்.

வார்டு மொத்தமும் சைக்கிளை விட்டு இறங்கி, படம் எடுக்க அவரைச் சூழ்ந்தது. காற்றாக்கியைப் பார்த்துக்கொள்ளும் மரகதவல்லி வேலை முகமூடிக்குள்ளிருந்து கத்தினாள்.

"மிதிங்கய்யா! காத்து மீட்டர் முள்ளு இறங்குது!"

"ஒரே ஒரு படம்க்கா. அதான் அண்ணன் மிதிக்கிறாருல்ல?"

"அவரு ஒருத்தர் மிதிச்சா அவருக்கே பத்தாது!"

"அக்கா எதிர்க்கட்சி போல" என்றது ஒரு குரல். சிரித்தார்கள். சிரிப்புக்கே மூச்சு வாங்கியது.

அமலதாசன் மிதித்தபடியே பேசத் தொடங்கினார். கூட்டத்துக்கு விரல்கள் மரத்தன, கண்கள் செருகின. வேட்பாளர் பேச்சில் இது வழக்கம்தான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முன்வரிசை முதலில் சாய்ந்தது. பிறகு இடும்பன், கைதட்டிக்கொண்டே.

மரகதவல்லி வால்வைத் திருப்பி, காற்று முழுவதையும் அந்த சைக்கிள் கூடத்துக்கே விட்டாள். கடைசி வரிசையில் ஒரு சைக்கிளில் ஏறித் தனியாக மிதித்தாள். தொடை எரிந்தது. பிறகு எரிவதும் தெரியவில்லை. முள் மெல்ல ஏறியது. பயந்துபோன அமலதாசனும் பேச்சை நிறுத்திவிட்டு உயிரைக் கொடுத்து மிதித்தார்.

மக்கள் கண்விழித்தபோது எதிரே தெரிந்தது வியர்வையில் குளித்த அமலதாசன். பின்னால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணன்தான்யா காப்பாத்துனாரு!"

அமோக வெற்றி. பதவியேற்பன்று இடும்பன் மனசு கேட்காமல் செயின் விஷயத்தை உளறிவிட்டான். கவுன்சிலர் யோசித்தார்.

"செயினே இல்லாமலா வார்டைக் காப்பாத்துனேன்?"

"ஆமாண்ணே."

"அப்போ ஜனங்களுக்கு மட்டும் எதுக்குடா செயின்? பாவம், முட்டி வலிக்கும்ல."

முதல் கையெழுத்து அதற்குத்தான். மரகதவல்லி ஏதோ சொல்ல எழுந்தாள். கைதட்டலில் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு வார்டே சிரித்துக்கொண்டு மிதித்தது. இவ்வளவு சுலபமாக எந்த ஆட்சியிலும் இருந்ததில்லை என்றார்கள். மரகதவல்லி கடைசி வரிசைக்கு ஓடினாள். அந்த சைக்கிளிலும் செயின் இல்லை.

கவுன்சிலர் மாலையைச் சரிசெய்துகொண்டு பேச எழுந்தார். எல்லோருக்கும் லேசாகத் தூக்கம் வந்தது.