இடது பக்கக் கண்ணாடி

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரிகளின் வாடை அடிக்கும் அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில் எந்தக் கார்க்காரரும் கண்ணாடியை ஏற்றிவிடுவார். யாரும் சொல்லித் தருவதில்லை, கை தானாகப் போகும். மேகலா உட்கார்ந்திருந்த பக்கத்துக் கண்ணாடி மட்டும் அந்த இடம் வந்ததும் இறங்கியது. ஒரு விரல் அகலம்தான். கதவுக்குள் எங்கோ மோட்டார் முனகியது, ரப்பர் உரசியது, சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த வாடை அந்த இடுக்கு வழியாக வந்து அவள் மடியில் உட்கார்ந்தது.

"ஏங்க, கண்ணாடி தானா எறங்குது."

"பழைய வண்டிதானே, விடு," என்றான் புகழேந்தி. சொல்லிவிட்டு மூச்சை ஆழமாக இழுத்தான்.

அந்த நாற்றத்தை யாராவது ஆசையாக முகர்வார்களா? அவனுடைய முதல் மனைவி எழிலரசி முகர்வாளாம். ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவள், 'நமக்குச் சோறு போடுற வாசனை' என்று கண்ணாடியை இறக்கிவிடுவாளாம். கல்யாணமான முதல் வாரத்திலேயே புகழேந்தி இதை மேகலாவிடம் சொல்லியாயிற்று. எழிலரசி காய்ச்சலில் போய் இரண்டு வருஷம், மேகலா வந்து எட்டு மாசம். உயிரோடு இருக்கும் சக்களத்தி என்றால் தெருவில் நின்று சண்டை போடலாம். செத்தவளோடு எங்கே போய் மல்லுக்கு நிற்பது?

மேகலாவுக்குப் பொறாமைதான். அதை அவள் தன்னிடம் மறைத்துக்கொள்ளவில்லை. பீரோவில் இருந்த சேலைகளைக் கொடுத்தாயிற்று, கூடத்துப் போட்டோவை உள்ளறைக்கு மாற்றியாயிற்று. மிச்சம் இந்தக் கார். இடது கதவின் ஸ்விட்சில் அம்புக்குறி அழிந்து, விரல் நுனி அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. தினமும் ஒருத்தி அழுத்தி அழுத்தித் தேய்த்த பள்ளம்.

மறுநாள் அவன் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும், மேகலா காரை எடுத்துக்கொண்டு பைபாஸ் ஓரம் அமீர் பாஷாவின் ஆட்டோ எலெக்ட்ரிக் கடைக்குப் போனாள். பாஷா கதவின் உள் அட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இந்த ஸ்விட்சுக்குக் கனெக்ஷனே இல்லியேம்மா. ரெண்டு வருஷம் முன்னாடி நான்தான் வயரக் கட் பண்ணேன். சார் அழுதுக்கினே வந்தாரு. இதுக்குக் கரண்ட் வரக்கூடாது பாய்னாரு. இன்னா ஏதுன்னு நான் கேக்கல."

மேகலாவுக்கு வயிறு எரிந்தது. இன்னொருத்தி விரல் படக்கூடாதென்று வயரையே வெட்டி வைத்திருக்கிறான்! கரண்ட் இல்லாத கண்ணாடி எப்படி இறங்கியது என்ற கேள்வி அந்த எரிச்சலில் எழவே இல்லை.

"புது ஸ்விட்ச் போட்டுக் கனெக்ஷன் குடுங்க. பழச இங்கியே தூக்கிப் போடுங்க."

"சார்கிட்ட ஒரு வார்த்த..."

"அந்தப் பக்கம் உக்கார்றது நான்தானே, பாய்?"

பாஷா போட்டுக் கொடுத்தார். "கண்ணாடி கொஞ்சம் டைட்டா ஏறும். நின்னுபோச்சுன்னா வெளிய எறங்கி, ரெண்டு பக்கமும் உள்ளங்கையால அழுத்திப் புடிச்சுத் தூக்குங்க. சார் உள்ளேர்ந்து ஸ்விட்ச மேல இழுக்கட்டும். ஏறிடும்."

ஞாயிறு சாயங்காலம் சத்துவாச்சாரியில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பினார்கள். புது ஸ்விட்சைப் பார்த்ததும் புகழேந்தியின் முகம் வெளுத்தது.

"கனெக்ஷன் குடுத்துட்டாரா?"

"குடுத்துட்டாரு," என்றாள் மேகலா. ஜெயித்தவள் மாதிரி சாய்ந்து உட்கார்ந்தாள்.

வெளிச்சம் மங்கி, லாரிகளின் டீசல் புகையும் சாக்கடை ஈரமும் காற்றில் கனத்து, டேனரிச் சுவர்களின் நிழல் ஒவ்வொன்றாகக் காருக்குள் ஏறி அவன் முகத்தைத் தடவி இறங்கிக்கொண்டிருந்தபோது, மோட்டார் முனகியது. கண்ணாடி இறங்கியது. இந்தத் தடவை ஒரு விரல் இல்லை. இறங்கிக்கொண்டே இருந்தது. நாலு விரல் உயரம் மட்டும் மிஞ்சி நின்றது.

மேகலா பொத்தானை மேலே இழுத்தாள். ஏறவில்லை. மறுபடி இழுத்தாள். அவள் விரலையும் சேர்த்துப் பொத்தான் கீழே அமுங்கியது.

"நிறுத்துங்க. எறங்கித் தூக்குறேன்."

கார் ஓரமாக நின்றது. "வேணாம் மேகலா. எறங்காத. அப்படியே உக்காரு."

"அவ எறக்கினா ரசிப்பீங்க, நான் ஏத்தக் கூடாதா?"

இறங்கினாள். கதவை அறைந்து சாத்தினாள். ஒரு கை உள்ளே. ஒரு கை வெளியே. கண்ணாடி சில்லென்றிருந்தது.

"ஸ்விட்ச இழுங்க."

அவன் இழுக்கவில்லை. அவனுடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

கண்ணாடி ஏறியது.

வேகமாக. உள்ளே விட்ட கையை முழுசாக உருவ நேரமில்லை. நான்கு விரல்களும் மேல் சட்டத்தில் நசுங்கின.

"ஏங்க! கை! கை மாட்டிக்கிச்சு!"

புகழேந்தி திரும்பினான். அவளைப் பார்க்கவில்லை. அவள் எழுந்து வந்த இருக்கையைப் பார்த்தான். கண்ணில் நீர். உதட்டில் சிரிப்பு. எட்டு மாசத்தில் ஒருநாளும் அவளுக்குக் கிடைக்காத சிரிப்பு. விரல் வலியைவிட அதுதான் முதலில் சுட்டது.

இருக்கையின் மெத்தை மெல்ல அமுங்கியது.

சீட் பெல்ட் நீண்டது. யாருமில்லாத இடத்தில் ஒரு மார்பின் மேல் வளைந்தது. மாட்டிக்கொண்டது.

புகழேந்தி கியரைப் போட்டான்.

மேகலா காரோடு சேர்ந்து ஓடத் தொடங்கினாள்.